அம்மாவின் பாஸ்போர்ட் அம்மா கையிலேயே இருக்கட்டும்!

ராயப்பேட்டையில் எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். "மகன் அமெரிக்காவில் இருக்கிறான்", "மகள் மலேசியாவில் இருக்கிறாள்" என்று சொல்லும் வீடு ஒன்றாவது இருக்கும்.

முன்பு பிள்ளைகள் மட்டும் கடல் கடந்து போனார்கள். இப்போது அவர்களைப் பார்க்கப் பெற்றோரும் போகிறார்கள். பேரன் பிறந்தால் பாட்டி பறக்கிறார்!

புறப்படும்போது பாஸ்போர்ட்டைக் கண்ணைப் போலப் பாதுகாக்கிறார்கள். மீனம்பாக்கத்தில் காட்டுகிறார்கள். அந்த நாட்டில் இறங்கியதும் காட்டுகிறார்கள்.

மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், "கொடும்மா, நான் பத்திரமாக வைக்கிறேன்" என்று மகன் அதை வாங்குகிறான். அலமாரியில் வைத்துப் பூட்டுகிறான். திரும்பி வரும் நாள் வரை அது அங்கேயே கிடக்கிறது.

மகனுக்கு அம்மாவின் மேல் உள்ள பாசம்தான் இதற்குக் காரணம். ஆனாலும் இது சரியான பழக்கம் அல்ல!

உள்ளூர் விமானம்தானே?

மகன் நியூயார்க்கில் இருக்கிறான். மகள் சிகாகோவில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "அக்கா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு வா" என்று மகன் டிக்கெட் வாங்கிக் கொடுக்கிறான்.

ஒரே நாட்டுக்குள் போகும் விமானம். சென்னையில் இருந்து மதுரைக்குப் போவது போல. "இதற்கு எதற்கு பாஸ்போர்ட்? கைப்பையில் ஆதார் அட்டை இருக்கிறதே!" என்று அம்மா நினைக்கிறார்.

அப்படி நினைப்பதில் வியப்பு இல்லை. நம் நாட்டில் விமானம் ஏற ஆதார் போதும். 2017-ம் ஆண்டு விமானப் பாதுகாப்புத் துறை 10 வகை அத்தாட்சிகளைப் பட்டியல் போட்டுச் சொன்னது. ஆதார், வாக்காளர் அட்டை, பான் அட்டை, டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் அதில் உண்டு. ஏதாவது ஒன்றைக் காட்டினால் போதும்.

அமெரிக்காவில் ஆதார் செல்லாது. நம் ஊர் டிரைவிங் லைசென்சும் செல்லாது. அங்கே உள்நாட்டு விமானம் ஏறுகிற 18 வயது ஆனவர் எல்லோரும் அத்தாட்சி காட்ட வேண்டும். நம் ஊரில் இருந்து பார்க்கப் போனவருக்கு அந்த அத்தாட்சி பாஸ்போர்ட்தான். நகல் காட்டினாலும், செல்போனில் படம் காட்டினாலும் ஏற்க மாட்டார்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நம் விமான நிலையத்தில் வாசலிலேயே காவலர் நின்று டிக்கெட்டையும் அத்தாட்சியையும் பார்க்கிறார். இல்லை என்றால் வாசலிலேயே தெரிந்துவிடும். வழியனுப்ப வந்த மகன் பக்கத்தில் இருப்பான்.

அமெரிக்காவில் வாசலில் யாரும் கேட்பது இல்லை. உள்ளே போய், சாமான்களைச் சோதிக்கும் இடத்துக்கு வந்த பிறகுதான் கேட்கிறார்கள். அதற்குள் மகன் காரை எடுத்துக்கொண்டு போயிருப்பான். பாஷை தெரியாத ஊரில் அம்மா தனியாக நிற்பார்!

2025-ம் ஆண்டு மே 7-ந்தேதி முதல் அமெரிக்காவில் கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. அந்த நாட்டுக்காரரே பழைய டிரைவிங் லைசென்சைக் காட்டி எளிதாக விமானம் ஏற முடியாது. புது விதிப்படி வாங்கிய லைசென்சோ பாஸ்போர்ட்டோ வேண்டும். சொந்த நாட்டாருக்கே இப்படி என்றால், விருந்தாளிக்குச் சலுகை கிடைக்குமா?

நாட்டுக்கு ஒரு விதி

மலேசியாவில் கோலாலம்பூரில் இருந்து கோத்தா கினபாலுவுக்கு விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம். இரண்டும் ஒரே நாட்டு ஊர்கள். ஆனாலும் இறங்கியதும் குடிநுழைவு அதிகாரி நிற்கிறார்! சபா, சரவாக் என்ற அந்த இரண்டு மாநிலங்களும் 1963-ல் மலேசியாவில் சேர்ந்தன. "எங்கள் மாநிலத்துக்குள் யார் வரலாம் என்பதை நாங்களே முடிவு செய்வோம்" என்ற உரிமையோடு சேர்ந்தன. கோலாலம்பூர்க்காரரே அங்கே அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். நம்மவர் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும்.

சவூதியில் வேலை பார்ப்பவருக்கு "இகாமா" என்ற அட்டை உண்டு. ரியாத்தில் இருந்து ஜெத்தாவுக்குப் போக அதைக் காட்டலாம். விசிட் விசாவில் கணவரைப் பார்க்கப் போன மனைவிக்கு இகாமா கிடையாது. அவருக்கு பாஸ்போர்ட்தான் துணை.

ஐரோப்பாவில் 29 நாடுகள் ஒன்று சேர்ந்து, நடுவில் இருந்த சோதனைச் சாவடிகளை எடுத்துவிட்டன. பாரிசில் இருந்து ரோமுக்குப் போவது உள்ளூர்ப் பயணம் போலத்தான். ஆனாலும் சில நாடுகள் அவ்வப்போது மறுபடியும் சோதனை போடுகின்றன. அப்போது பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

நியூசிலாந்தில் உள்நாட்டு விமானத்துக்குப் பல சமயம் அத்தாட்சியே கேட்பது இல்லை. அங்கே போய் வந்தவர், "யாரும் கேட்க மாட்டார்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு யோசனை சொல்வார். அதை நம்பி இன்னொரு நாட்டுக்கு வெறும் கையோடு போகக்கூடாது!

நேபாளம் விதிவிலக்கு. இந்தியர் அங்கே போக பாஸ்போர்ட் கட்டாயம் இல்லை. வாக்காளர் அட்டை போதும். நம் ஊர் பக்தர்கள் முக்திநாத்துக்குப் போகும்போது, போகராவில் இருந்து ஜோம்சோமுக்குச் சிறிய விமானத்தில் ஏறுகிறார்கள். அங்கே உள்நாட்டு விமானங்களில் நேபாளிக்கு ஒரு கட்டணம். இந்தியருக்கு ஒரு கட்டணம். மற்ற நாட்டாருக்கு வேறு கட்டணம். இந்தியர் என்பதற்கு அத்தாட்சி இருந்தால் பணம் மிச்சம்!

பெயரில் ஒரு சிக்கல்

தமிழர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. அது இன்ஷியல்!

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்கிறோம். பாஸ்போர்ட்டில் இன்ஷியல் போட முடியாது. அதனால் சிலர் குடும்பப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டு, ஒரே பெயரோடு பாஸ்போர்ட் வாங்குகிறார்கள்.

அமெரிக்க விசாவில் இவர்களுக்கு "எப்.என்.யு." என்று மூன்று எழுத்து விழுகிறது. "முதல் பெயர் தெரியாது" என்பதன் சுருக்கம் அது! ஆசையாகப் பெயர் வைத்துத் தொட்டிலில் போட்ட பிள்ளைக்கு, பெயர் தெரியாதவர் என்று ஒரு பட்டம்!

2022-ம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய அரபு நாடு, பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ள சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை போட்டது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு சொன்னார்கள்.

ஆகவே, பாஸ்போர்ட் வாங்கும்போதே இரண்டு இடங்களையும் நிரப்புங்கள். அப்பா பெயரையோ கணவர் பெயரையோ முழுதாக எழுதுங்கள். உள்நாட்டு விமான டிக்கெட்டிலும் அதே எழுத்துக்கள் இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரில் மகன் டிக்கெட் வாங்கினால், அம்மா வழியில் தவிப்பார்.

நம் வீட்டு விருந்தாளிக்கும் இதே கதைதான்

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிள்ளை விடுமுறைக்கு ராயப்பேட்டைக்கு வருகிறான். சென்னையில் இருந்து கோயம்புத்தூருக்குப் பறக்க வேண்டும். அவன் இங்கே அயல்நாட்டான். அமெரிக்க லைசென்ஸ் இங்கே உதவாது. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

"தொலைத்துவிடுவார்" என்கிறீர்களா?

"அம்மாவுக்கு வயதாகிவிட்டது. பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர் அவர். ஒரு சாவியையாவது தொலைத்தாரா? ஒரு சின்னப் புத்தகத்தையா தொலைத்துவிடுவார்?

அமெரிக்காவில் 18 வயதுக்கு மேற்பட்ட அயல்நாட்டார், அரசாங்கத்திடம் பதிவு செய்ததற்கான சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வழியில் ஓர் அதிகாரி கேட்டால், "என் மகன் அலமாரியில் இருக்கிறது" என்று சொல்லி அம்மா நிற்பது நன்றாகவா இருக்கும்?

அப்படியே தொலைந்தாலும் வழி உண்டு. போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். அப்போது பாஸ்போர்ட்டின் நகல் மிகவும் உதவும். ஒரு நகலை மகனிடம் கொடுங்கள். இன்னொன்றைப் பெட்டியில் வையுங்கள். அசல் மட்டும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலம் தெரியாவிட்டால் பரவாயில்லை. உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகுங்கள். டிக்கெட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மகனின் விலாசத்தையும் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி அதற்குள்ளேயே வையுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மாவைப் பத்திரமாக அழைத்துப் போனீர்கள், சந்தோஷம். பாஸ்போர்ட்டை மட்டும் அலமாரியில் பூட்டாதீர்கள். அந்நிய மண்ணில் "நான் யார்" என்று அம்மா சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருக்கிறது.