கல்யாணப் புடவை எந்தத் தறியில்?



முகூர்த்த மாதம் நெருங்கினால் வேன் வைத்துக்கொண்டு ஆரணிக்குப் புடவை எடுக்கப் போகும் குடும்பங்கள் ஏராளம். போகிறவர்கள் கடையோடு திரும்பிவிடாமல், தறி ஓடும் வீடு ஒன்றை எட்டிப் பாருங்கள். குழிக்குள் காலை இறக்கி மிதியை அழுத்தி, நாடாவை ஓட்டி, பலகையை இழுத்து அடித்தால் ஊடையில் ஓர் இழை சேரும். இப்படியே நாள்கணக்கில் உட்கார்ந்தால்தான் ஒரு புடவை. தார் சுற்றித் தரும் வீட்டுப் பெண்களின் உழைப்புக்குத் தனிக் கூலி கிடையாது. பார்வைக்கு அதே போன்ற புடவை விசைத்தறியில் மளமளவென்று இறங்கிவிடுகிறது.

இந்தப் போட்டியில் கைத்தறி தாக்குப்பிடிக்காது என்றுதான் 1985-ல் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. முதலில் 22 ரகங்கள் விசைத்தறியில் நெய்யக் கூடாதவையாகக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கப்பட்டன. பின்னர் அது 11 ஆகச் சுருங்கியது. பட்டுப் புடவை அதில் நிலைத்தது. விசைத்தறித் தரப்பு வழக்குப் போட்டது. 1993-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

யார் எதை நெய்தால் அரசுக்கு என்ன என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. விசைத்தறிக்காரரும் கடன் வாங்கித் தறி போட்டவர்தான். ஆனால் விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று சொல்லி, கைத்தறி விலைக்கே தலையில் கட்டுவதை வியாபாரச் சுதந்திரம் என்று ஏற்க என்னால் முடியாது. அதில் நெசவாளரோடு வாங்குகிறவரும் ஏமாறுகிறார்.

அதற்காக அரசு போடும் கட்டுப்பாடெல்லாம் நெசவாளருக்கு நல்லது என்றும் சொல்லமாட்டேன். 2021 பட்ஜெட்டில் கச்சாப் பட்டு இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 15 ஆக உயர்ந்தது. பட்டுப்பூச்சி வளர்க்கும் விவசாயிக்கு அது காப்பு. தறிக்கு வரும் நூலுக்கோ விலையேற்றம். விவசாயிக்கு உதவ அரசுக்கு வேறு வழிகள் உண்டு. அந்தச் சுமையை நெசவாளர் தலையில் ஏற்றியிருக்க வேண்டாம். ஒதுக்கீட்டுச் சட்டத்தைத்தான் கறாராக நடத்த வேண்டும். சோதனை பேருக்கு நடந்தால் பயனில்லை.

நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். ‘சில்க் மார்க்’ இருந்தால் அது சுத்தப் பட்டு என்று மட்டுமே பொருள். விசைத்தறிப் பட்டுக்கும் அது கிடைக்கும். கைத்தறிக்கு 2006-ல் வந்த ‘கைத்தறி முத்திரை’ தனி. அடுத்த முறை புடவை எடுக்கும்போது அந்த முத்திரையைக் கேளுங்கள். பில்லில் ‘கைத்தறி’ என்று எழுதியும் வாங்குங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்