பேரம் பேசாத அன்பு

'குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்திலே' என்று சொல்லுவதில் நம்மவர்களுக்குச் சலிப்பே கிடையாது. ஆனால் இரண்டையும் நாம் கொண்டாடுகிற லட்சணம் என்ன? 'பையன் பாஸானால் நூற்றெட்டுத் தேங்காய்' என்று தெய்வத்திடம் வேண்டிக்கொள்கிறோம். 'நீ பாஸானால் சைக்கிள்' என்று பையனிடம் சொல்லுகிறோம். இரண்டும் பேரம். ஒன்றுக்குப் பக்தி என்றும், மற்றதற்குப் பாசம் என்றும் பெயர் சூட்டிக்கொண்டு, அதையே குழந்தைகளுக்குப் போதிக்கவும் புறப்பட்டுவிடுகிறோம். போதிக்க வேண்டியவர்கள் அவர்கள், உட்கார்ந்து கேட்க வேண்டியவர்கள் நாம் என்பது என் கட்சி.

நம்பியாண்டார் நம்பியின் கதை எல்லோருக்கும் தெரியும். தகப்பனாருக்குப் பதிலாகப் பூஜைக்குப் போன பிள்ளை, பிள்ளையார் நைவேத்தியத்தை உண்டே தீருவார் என்று நம்பினான். உண்ணாததைக் கண்டு தலையை முட்டிக்கொண்டு அழுதான். நாம் கதை கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். பிள்ளையார் நிஜமாகவே உண்டுவிடுவார் என்று தெரிந்தால், நாளை முதல் கொழுக்கட்டையின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவோம்!

பழங்கதை என்பவர்கள் கொட்டிவாக்கம் கடற்கரைக்கு வாருங்கள். தை முதல் பங்குனி வரை இரவில் சிற்றாமைகள் கரையேறி, மணலில் குழி பறித்து, ஒவ்வொன்றும் சுமார் நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போய்விடும். 1988-இல் சில மாணவர்கள் ஓர் அமைப்பாகச் சேர்ந்தார்கள். அன்றுமுதல் அந்த அமைப்பினர் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நள்ளிரவில் நடந்து, நாயும் மனிதனும் கை வைக்குமுன் அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் காத்து வருகிறார்கள். ஏழெட்டு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றைக் கடலில் விடுவதைப் பார்க்கப் பெற்றோர்கள் குழந்தைகளுடன் வருகிறார்கள்.

"ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைக்குமாமே, இத்தனை பாடு எதற்கு?" என்பார் பெரியவர். அருகிலேயே நிற்கும் குழந்தையோ, அலை புரட்டிப் போட்ட ஒரு குஞ்சைப் பார்த்து, "போ, போ, பயப்படாதே!" என்று தொண்டை கிழியக் கத்தும். அந்தக் குஞ்சு வளர்ந்து வந்து அதற்கு நன்றி சொல்லப் போவதில்லை. தேங்காயும் இல்லை, சைக்கிளும் இல்லை.

'அது அறியாமை, விவரம் தெரிந்தால் போய்விடும்' என்று சிலர் வாதிக்கக்கூடும். போய்விடுமா? 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. வலையில் சிக்கினால் மூச்சுவிட மேலே வர முடியாத பிராணி அது. அந்தச் சடலங்களைக் குழந்தைகளும் கண்டார்கள். கண்ட பிறகும் பங்குனியில் குஞ்சு பார்க்க ஓடி வந்தார்கள். ஆயிரத்தில் ஒன்று என்ற கணக்கு அந்த மாணவர்களுக்கும் தெரியும். தெரிந்துதான் நடக்கிறார்கள். ஆகவே விவரம் நம்பிக்கையைக் கொல்லுவதில்லை. கொல்லுவது, 'எனக்கு என்ன கிடைக்கும்?' என்ற கேள்விதான். அந்தக் கேள்வியைக் குழந்தைக்குக் கற்றுக் கொடுப்பவர்கள் நாம்.

இன்னொன்றும் உண்டு. முட்டையிலிருந்து வந்த குஞ்சு, இருட்டில் வெளிச்சம் தெரியும் திசையைக் கடல் என்று கொண்டு ஊர்கிறது. கரையிலே தெருவிளக்குகள் பளிச்சென்று எரிந்தால், மயங்கி ஊர்ப்பக்கம் திரும்பி மாண்டுபோகிறது. நம்முடைய புத்திமதிகள் எல்லாம் அந்தத் தெருவிளக்குகள்தாம். குழந்தைகளுக்கு வழி தெரியும். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: விளக்கை அணைப்பது.