பேச்சு இல்லை, பயிற்சி

“தூக்கம் வராதவனிடம் பேசி என்ன ஆகும்? ஒரு மாத்திரை போதாதா?” என்கிறார் நண்பர். சில நாளைக்குப் போதும். பிறகு?

தூக்கமின்மை உள்ள 78 முதியவர்களிடம் தூக்க ஆய்வாளர் சார்லஸ் மோரின் குழு நடத்தி, 1999இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குப் பலன் நிலைக்கவில்லை. அறிதிறன் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு இரண்டு ஆண்டு கழித்தும் நிலைத்தது.

இந்தச் சிகிச்சையில் பேச்சு கொஞ்சம்தான். எட்டு மணி நேரம் புரண்டு ஐந்தரை மணி தூங்குகிறவரை, முதலில் ஐந்தரை மணி மட்டுமே படுக்கச் சொல்வார்கள். தூக்கம் சீராகச் சீராக நேரத்தைக் கூட்டுவார்கள். எழும் நேரம் மட்டும் மாறாது. ஆரம்பத்தில் கசக்கும்.

இராஜபாளையம் நூற்பாலையில் ஷிப்ட் மாறி மாறிப் போகிறவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓய்வுபெற்ற பிறகும் கட்டிலில் செல்போனோடு விழித்திருக்கிறவருக்கு? ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி பெருமாள் எந்நேரமும் பள்ளிகொண்டிருக்கலாம். நமக்குக் கட்டில் தூங்க மட்டும்.