மோட்டாரை மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன். அதில் பாதிக் கோபம் என் மேல்தான்.

போன பங்குனியில் எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. மேல்மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போட்டால் ஏறும். மறுநாள் காலையில் மறுபடியும் வெறும் சத்தம்தான். பார்க்க வந்த தம்பி இரண்டு நிமிடம் நின்றார். "மோட்டார் போச்சு சார், புதுசு போட்டுருங்க. இல்லன்னா போர் போட்டு சப்மெர்சிபிள் இறக்கிருங்க" என்றார். மகனுக்குப் போன் செய்தால், "பணம் அனுப்புதேன்பா, புதுசே வாங்கிருங்க" என்கிறான். ஏன் ஏறவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை.

மோட்டார் கெட்டிருந்தால், தண்ணீர் ஊற்றியதும் மட்டும் எப்படி ஏறும்? மெயினை அணைத்துவிட்டு, மேல்மூடி வழியாக விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் காத்திருந்தேன். தண்ணீர் இறங்கிவிட்டது. கிணற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். பைப்பின் வெளிப்பக்கம் எங்கும் ஒழுகவில்லை. அப்படியானால் தண்ணீர் போக ஒரே வழிதான் உண்டு: பைப்பின் அடியில், தண்ணீருக்குள் கிடக்கும் ஃபுட் வால்வு.

தெருப் பையன்கள் இரண்டு பேர் கயிறு கட்டிப் பைப்பை மேலே தூக்கினார்கள். தண்ணீரை மேலே விட்டு, கீழே இறங்கவிடாமல் மூடிக்கொள்ளும் சின்னக் கதவுதான் அந்த வால்வு. அதன் ரப்பர் வாஷர் கிழிந்திருந்தது, இடுக்கில் ஒரு வேப்பங்குச்சி. தென்காசியில் புது வால்வு 350 ரூபாய். டேப் சுற்றி மாட்டினோம். இப்போது சாரல் தொடங்கிவிட்டது, அதே பழைய மோட்டார்தான் ஓடுகிறது.

இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்பில் உங்களுக்கு நடத்திய பாடம்தான். காற்றழுத்தம் 76 செ.மீ. பாதரசம் என்று எழுதவைத்தேன், மார்க் போட்டேன். அதே அழுத்தம் தண்ணீரை அதிகபட்சம் 10.3 மீட்டர்தான் தாங்கும் என்பதையோ, மோட்டார் தண்ணீரை இழுப்பதில்லை, கிணற்றின் மேல் அழுத்தும் காற்றுதான் அதை ஏற்றிவிடுகிறது என்பதையோ, பைப்புக்குள் காற்று புகுந்தால் அந்த வேலை நடக்காது என்பதையோ ஒரு கிணற்றடியில் நிறுத்தி நான் காட்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே கிணறு இருந்தது. அதுதான் என் மேலுள்ள கோபம்.

மீதிக் கோபத்துக்குக் காரணம் எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு அம்மா. அவர் வீட்டிலும் இதே கதை. யாரோ போர் போடச் சொன்னார்கள். வளையலை அடகு வைத்துப் போட்டுவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது பழைய பைப் சுவரோரம் கிடந்தது. அடி வால்வில் கதவே இல்லை. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, அவர் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். "முன்னாலேயே உங்ககிட்ட கேட்டிருக்கலாமே அண்ணாச்சி" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மெக்கானிக்குகளைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தப்பு நம்மிடம்தான். டாக்டர் நாடியைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்றாலும் ஃபீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் பத்து நிமிடத்தில் கோளாறைக் கண்டுபிடித்தால், "இதுக்குப் போயா இருநூறு?" என்று பேரம் பேசுகிறோம். போன வருடம் மிக்ஸி பார்த்த பையனிடம் நானே பேசினேன். கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லை, விற்றால்தான் கமிஷன் என்றால் அவர் எதைச் செய்வார்?

இங்கிலாந்தில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் சொன்னார்: அங்கே குளிர்காலத்தில் வீடு முழுக்கச் சுடுநீர்க் குழாய் ஓடும். நடுவில் ஒரு வால்வு சிக்கிக்கொண்டால் மாடி குளிர்ந்துவிடும். வந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம் உண்டாம். ஒரே ஒரு வால்வை மாற்றினார்கள், மாடி சூடாகிவிட்டது.

"உங்களுக்கு நேரம் இருக்கு சார், எங்களுக்கு இல்லையே" என்பீர்கள். சரி, நீங்கள் பைப்பைத் தூக்க வேண்டாம். வயதானவர்கள் கிணற்றில் எட்டிப் பார்க்கவும் வேண்டாம். ஆனால் ஊரிலிருக்கும் அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எது கெட்டுப்போச்சு, எப்படித் தெரிஞ்சுது?" பதில் சொல்லும் மெக்கானிக்குக் கேட்ட கூலியைக் கொடுங்கள். பதில் சொல்லாதவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது பிள்ளைகளையும் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். அந்தப் பழைய வால்வைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். விட்டுப்போன பாடத்தை நடத்த வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாத்தியார்,
ஆய்க்குடி