சொன்றான் என்பது யார் பிழை?

ஸ்பானிய மொழி பயிலும் மாணவனுக்கு அம்மொழி வினைகள் பல விதிக்கு அடங்கா என்பது தொடக்கத்திலேயே அறிவிக்கப்படுகிறது. 'இரு' எனப் பொருள்படும் 'ஸேர்', 'போ' எனப் பொருள்படும் 'இர்' ஆகிய இரண்டும் இறந்தகாலத்தில் ஒரே வடிவம் கொள்கின்றன. அவன் அவற்றை எழுதியும் சொல்லியும் பழகுகிறான். தவறினால் அவனை எவரும் ஏளனம் செய்வதில்லை. சிங்கப்பூரிலும் கல்வி அமைச்சின் மொழி நிலையத்தில் ஸ்பானியம் கற்பிக்கப்படுகிறது.

அதே நகரில் தமிழ் பயிலும் பிள்ளை 'சொன்றான்' என எழுதினால், "தாய்மொழிகூடத் தெரியாதா?" என்னும் கேள்வி எழுகிறது. இஃது எவ்வகை நீதி? செல், வெல், கொல் என்பன சென்றான், வென்றான், கொன்றான் என வருதலைக் கண்ட பிள்ளை, சொல் என்பதையும் அவ்வழியே நடத்துகிறது. ஒப்புமை காணும் அறிவே அங்குத் தொழிற்படுகிறது. நில் என்னும் வினையோ இன்னும் விந்தையானது; நின்றான் எனச் செல் வழியிலும், நிற்கிறான் எனக் கல் வழியிலும் செல்கிறது. இதனைச் சொல்லித் தராமல் பிள்ளை எங்ஙனம் அறியும்?

செவிவழியே வருவது தாய்மொழி என்பாரும் உளர். செவிக்குத் தமிழ் கிடைக்கும் இல்லங்களில் அது பொருந்தும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் இல்லத்தில் மிகுதியும் பேசுவது ஆங்கிலமே. சிராங்கூன் சாலையில் வார இறுதியில் ஒரு நாழிகை கேட்கும் தமிழ், வாரம் முழுதும் கேளாத குறையை நிரப்புமா?

பகுபத உறுப்பிலக்கணம் போதும் என்பாரும் உளர். நன்னூல் வகுத்த பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் ஆகிய ஆறும் அரிய கருவிகளே. ஆயினும் அவை அறிந்த சொல்லைப் பிரித்துக் காட்டுவன. வந்தான் என்னும் சொல்லை முன்பே அறிந்தவனுக்கே அதன் பகுதி வா என்பது விளங்கும்.

ஆதலின் வினைகளை இனம் பிரித்துக் கற்பித்தல் வேண்டும். வா, தா, போ, சொல், நில், கேள், காண் என அன்றாடம் வழங்குவன முதலில் வரட்டும். முக்கால வடிவங்களும் தனித்தனி வாக்கியங்களில் பயிலப்படட்டும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924-1936) வினைகளுக்கு வகையெண் இட்டது. அறிஞருக்கு உதவிய அம்முறை குழந்தைக்கு மட்டும் ஆகாதோ?

'சொன்றான்' என்பதன்மேல் சிவப்புக் கோடிடும் கை, அதனருகே 'சொன்னான்' என எழுதி, அச்சொல் ஏன் சென்றான், வென்றான் வரிசையில் சேராது தனித்து நிற்கிறது என்பதையும் காட்டட்டும். கற்பிக்காததைத் தேர்வில் கேட்டு, மதிப்பெண்ணைக் குறைத்தல் ஆசிரியத் தொழிலுக்கு அழகாகாது.