வெற்று நிலம் என்னும் பொய்

மேலைநாட்டுப் பிரயாண எழுத்திலே அண்மைக் காலத்தில் ஒரு புதிய ஆசை தலைதூக்கியிருக்கின்றது. தார் வீதியைத் துறந்து, தடித்த ரயர் பூட்டிய 'கிறவல் சைக்கிளில்' ஏறி, மண் பாதை வழியே ஆளரவமற்ற நாட்டுப்புறத்தைக் கடந்து செல்லும் ஆசையே அது. அவ்வாசைக்கு உகந்த களங்களுள் ஒன்றாக எடுத்துக் காட்டப்படுவது ஸ்பெயினின் தென்மேற்கே, போர்த்துக்கல் எல்லையோடு கிடக்கும் எஸ்திரெமதூராப் பிரதேசம். அங்கே ஓக் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும். அவற்றின் கீழே புல் விரிந்து கிடக்கும். கறுப்புப் பன்றியும் செம்மறியும் மாடும் மேயும். இடையிடையே ஒரு சிற்றூர். ஊர் நடுவே தேவாலயம். அதன் கோபுரத்திலே நாரைக் கூடு. படங்களைப் பார்த்தவர் எவரும் மயங்குவர். நானும் மயங்கினேன்.

படங்களின் கீழிருக்கும் சொற்களைப் படித்தபோதுதான் மயக்கம் தெளிந்தது. மனிதக் கை படாத இயற்கை என்கின்றனர். காலம் உறைந்த கிராமங்கள் என்கின்றனர். வெறுமையின் பேரழகு என்கின்றனர். இம்மூன்றும் பொய். அறியாமையாற் பிறந்த பொய்யே யாயினும், பொய் பொய்தான்.

முதற் பொய்யை எடுத்துக்கொள்வோம். இம்மேய்ச்சல் நிலத்துக்கு அந்நாட்டார் இட்ட பெயர் 'தெஹேசா'. காவல் செய்யப்பட்ட நிலம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது அது. பெயரிலேயே வேலியும் உடைமையும் உண்டு. அடர்ந்த காட்டைக் கலைத்து, வேண்டிய மரத்தை விட்டு வேண்டாததை வெட்டி, கிளை கழித்து, முட்புதரை மீண்டும் மீண்டும் களைந்து, பல தலைமுறை உழைப்பாளர் ஆக்கிய தோட்டம் இது. கவனிப்பாரின்றி விட்டால் புதர் மண்டிப் புல் மறையும். அங்குள்ள தக்கை ஓக்கின் பட்டையை உரிப்பதற்கு இடையில் ஒன்பது ஆண்டுகளாவது காத்திருக்க வேண்டும். கோடை வெயிலில், உள்மரத்திற் காயம் படாமல், கோடரியால் அதனை உரிப்பது இன்றும் கைத்தொழிலே. உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை மரத்தின் மேலே வர்ணத்தால் எழுதி விடுவார்கள். மரந்தோறும் மனிதக் கையின் எழுத்து நிற்க, கை படாத இயற்கை என்று எழுதுவோர் எதனைத்தான் பார்த்தனர்?

இரண்டாவது பொய், காலம் உறைந்தது என்பது. 1936ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் இப்பிரதேசத்தின் பதஹோஸ் மாகாணத்திலே நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். உழுவதற்கு விலங்கு உண்டு, நிலம் இல்லை என்ற நிலையிலிருந்த குடியானவர்கள் ஏறத்தாழ 60,000 பேர், விடியற்காலையில் ஏறத்தாழ 3,000 பண்ணைகளுக்குள் நுழைந்து உழத் தொடங்கினர். 1932இல் இயற்றப்பட்ட நிலச்சீர்திருத்தச் சட்டம் ஏட்டோடு நின்றமையால், சட்டத்தை ஏர் முனையால் எழுத முனைந்தனர் அவர்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் 14ஆம் நாள் பதஹோஸ் நகரம் பிராங்கோவின் பக்கம் நின்ற படையிடம் வீழ்ந்தது. பெரும் படுகொலை நடந்தது. நிலம் மீண்டும் பழைய உடையாரிடம் சென்றது. இன்று சைக்கிளோட்டி கைகொண்டு திறந்து மூடிச் செல்லும் பண்ணைப் படலைகளுக்குப் பின்னே இந்த வரலாறு கிடக்கின்றது.

அதன் பின் வந்த அடிமைத்தனத்தை மிகெல் தெலிபெஸ் 1981இல் ஒரு நாவலாக எழுதினார். 'புனிதமான அப்பாவிகள்' எனப் பொருள்படும் பெயருடைய அந்நாவல் 1984இல் திரைப்படமும் ஆயிற்று. எசமானின் வேட்டைக்கு நாயைப்போல் மோப்பம் பிடித்துக் கொடுக்கும் பணியாள் ஒருவன், கால் முறிந்த பின்னும் வேட்டைக்கு அழைக்கப்படுகின்றான். அவன் நடந்த நிலமும் இந்த ஓக் நிலமே. ஒரு நாவலாசிரியன் கண்ட மனிதனை நூறு புகைப்படங்களும் காணவில்லை யெனின், குற்றம் கருவியினதன்று, கண்ணினது.

மூன்றாவது பொய்யே மிகக் கொடியது. 1960இல் பதின்மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த எஸ்திரெமதூராவில் இன்றிருப்பவர் பத்தரை இலட்சம் அளவினரே. மட்ரிட்டுக்கும் பார்சலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் வேலை தேடிப் போயினர் ஏனையோர். நிலம் சிலர் கையில்; இயந்திரம் வந்தபின் கூலியும் இல்லை. பிளாசென்சியாவிலிருந்து வடக்கே அஸ்தோர்காவுக்குச் சென்ற பயணிகள் ரயில் 1985இல் நின்றது. அப்பாதையின் ஒரு பகுதி இன்று 'பசுமை வழி' என்ற பெயரிற் சைக்கிளோட்டிகளுக்கு உரியதாயிற்று. ஏற்றம் குறைந்த இனிய பாதை என்று மகிழ்கின்றனர். ரயிலுக்காக வெட்டிய பாதையில் ஏற்றம் குறையாமல் வேறென் செய்யும்? ஊராருக்கு இல்லாமற் போன பயணம் விருந்தாளிக்கு உல்லாசமாயிற்று.

ஸ்பானிய மொழியில் இது குறித்து ஒரு சொற்போர் நடந்தது. 2016இல் வெளிவந்த செர்ஹியோ தெல் மொலீனோவின் நூலொன்று 'வெற்று ஸ்பெயின்' என்ற தொடரைப் பரப்பியது. கிராம மக்களோ அதனை 'வெறுமையாக்கப்பட்ட ஸ்பெயின்' என்று திருத்தினர். 2019 மார்ச் 31இல் மட்ரிட் வீதிகளில் அவர்கள் திரண்டதும் அச்சொல்லின் கீழேதான். இலக்கணம் கற்பிப்பவன் என்ற முறையில் இத்திருத்தத்தின் நுட்பத்தை நான் வியக்கின்றேன். 'வெற்று' என்பது பண்பு; அதற்குப் பொறுப்பாளி இல்லை. 'வெறுமையாக்கப்பட்ட' என்பது செயப்பாட்டு வினை. அது வாய் திறந்தவுடனே 'யாரால்?' என்ற வினா எழுந்து நிற்கும். பிரயாண எழுத்தாளர் முதற் சொல்லை விடாமற் பிடித்துக் கொண்டிருப்பதன் காரணமும் அதுவே. இரண்டாவது சொல்லில் நிலவுடையான் வருவான், ஆட்சி வரும், மூடப்பட்ட நிலையம் வரும். படத்தின் அழகு கெட்டுவிடும்!

பயணிகள் வருவதால் ஊருக்குப் பணம் வருகின்றதே என்று கூறுவாருமுளர். வருகின்றது, மறுக்கவில்லை. கோப்பிக் கடைக்கும் தங்குமிடத்துக்கும் அது உதவும். ஆயின் கோப்பிக் கடையொன்று திறந்திருப்பதனால் வைத்தியரும் பாடசாலையும் பஸ்ஸும் தாமாக வந்து விடா. மேலும், ஊர் வெறுமையாய் இருப்பதே கவர்ச்சியெனின், ஊர் நிறைவதை இக்கவர்ச்சியின் வியாபாரி விரும்புவானா?

நாள்தோறும் பாடசாலைக்குத் துவிச்சக்கர வண்டியிற் சென்று வருபவன் நான். வண்டியின் மீது எனக்குப் பகையில்லை. மெதுவாகச் செல்பவனுக்கே நிலம் தன்னைக் காட்டும் என்பதும் அறிவேன். அதனாற்றான் கேட்கின்றேன்: மெதுவாகச் சென்றும் காணாதவனை என்னென்பது?

நம் இலக்கண நூலார் முல்லையைக் கூறியபோது காட்டையும் கார்காலத்தையும் மட்டும் கூறி அமையவில்லை. மரத்தையும் விலங்கையும் கூறிய இடத்திலேயே மக்களின் உணவையும் தொழிலையும் சேர்த்தே கருப்பொருள் என்றனர். மேய்ப்பவனை நீக்கினால் மேய்ச்சல் நிலம் இல்லை என்பது அவர்தம் துணிபு. எஸ்திரெமதூராவிலும் உண்மை அதுவே. 'மெஸ்தா' என்ற மந்தையுடையார் சங்கத்துக்கு 1273இல் அரசன் உரிமை வழங்கினான். அது 1836இல் ஒழிந்தது. ஏழை இடையரின் சங்கமன்று அது. பெருமந்தைக்காரரின் வல்லமையே ஓங்கியது. எனினும் ஏறக்குறைய 75 மீற்றர் அகலமான மந்தைப் பெருவழிகள் இடையர் கால் பதிந்தே நிலைத்தன. அவை பொதுச்சொத்து என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. நடப்போரும் சைக்கிளோட்டிகளும் அவ்வழியே செல்லலாம். ஆனால் முதலுரிமை மந்தைக்கே என்றும் அது விதித்தது. பிரயாண எழுத்தும் கற்கவேண்டிய விதி அது.

இன்று அந்த ஓக் மரங்களும் நோயுற்றுள்ளன. மண்ணிலுள்ள நுண்ணுயிரி ஒன்று வேரை அழுகச் செய்கின்றது. ஓயாத மேய்ச்சலால் இளங்கன்றுகள் மரமாவது அரிதாகின்றது. ஈரமண் ஒட்டிய சில்லும் பாதணியும் அந்நுண்ணுயிரியைக் காவிச் செல்லக்கூடும். கை படாத இயற்கை என்று எழுதுபவனின் சில்லே அங்கே படுகின்றது!

செல்வோர் செல்லட்டும். சில்லைக் கழுவிச் செல்லட்டும். மந்தை வந்தால் இறங்கி நிற்கட்டும். திரும்பி வந்து எழுதும்போது, வழியில் ஆளில்லை என்று எழுதுமுன், 'யாரால்?' என்ற ஒரு சொல்லைத் தம்மைத் தாமே கேட்கட்டும். அக்கேள்விக்கு விடை தேடி எழுதப்படும் எழுத்தே பிரயாண இலக்கியம் என்ற பெயருக்கு உரியதாகும்.