பூச முதல் ஒருக்காத் துடைச்சுப் பாருங்கோ

ஆவணியில் அண்ணாவுக்குக் கலியாணம். மண்டபம், சமையல், வீடியோ எல்லாம் பேசி முடித்த பிறகு வீட்டில் மிச்சமாக நின்ற பிரச்சினை கொட்டிலுக்குள் நின்ற கார். அப்பப்பாவின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60. பொம்பிளையும் மாப்பிளையும் அதில்தான் கோயிலுக்குப் போகவேணும் என்பது அண்ணாவின் ஆசை. ஆனால், "உந்தக் கோலத்திலை அதிலை ஏறேலாது. முழுக்கச் சுரண்டிப்போட்டுப் புதுசா மெற்றாலிக் நீலம் அடிப்பியுங்கோ, காசு நான் அனுப்புறன்" என்று கனடாவிலிருந்து சொல்லிப்போட்டார். தெரிந்த கராஜ் ஒன்றில் கேட்டோம். இரண்டரை இலட்சம், மூன்று கிழமை என்றார்கள்.

நான் வேண்டாம் என்றேன். "உனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் பிள்ளை?" என்று அப்பாவே கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு ஓடக்கூடத் தெரியாது. ஆனால் அந்தச் சண்டையில் நான் சொல்ல வந்தது சரியென்று இப்போதும் நினைக்கிறேன். மங்கின காரைக் கண்டவுடன் பெயின்ற் அடிப்பதுதான் வழி என்று நாங்கள் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் அது கடைசி வழி. முதல் வழி, மென்மையான ஒரு பெயின்ற் கிளீனரும், நல்ல துணியும், இரண்டு மூன்று பின்னேரமும்.

இது பழங்கார்ப் பைத்தியங்களுக்கு மட்டுமான கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்குக் கதவு திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருசம், இருக்கிறதை வைத்துத்தான் ஓடினோம். இப்போது வருகிறவற்றின் விலையும் வரியும் எங்களுக்கு எட்டுவதாக இல்லை. எங்கட ஒழுங்கையில் நிற்கிற கொறோலாவும் சனியும் கூரையில் வெளிறித்தான் நிற்கின்றன. ஆகவே மங்கின பெயின்றை என்ன செய்வது என்பது கனபேருடைய கேள்வி.

முதலில், பெயின்ற் ஏன் மங்குகிறது? பெயின்றில் நிறத்தூளும் அதைப் பிடித்து வைத்திருக்கிற பிசினும் இருக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் மேலேயுள்ள பிசினைச் சிதைத்துவிடும். பிடிமானம் போன நிறத்தூள் சோக்குத் தூள் மாதிரி மேலே படிந்து நிற்கும். அந்தக் கரடான மேற்பரப்பில் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால்தான் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகிறது. நிறம் போகவில்லை. செத்துப்போனது மேலேயுள்ள மெல்லிய தோல் மட்டும். கீழே பெயின்ற் உயிரோடுதான் இருக்கிறது.

இதைச் சோதிக்க ஒரு கராஜுக்கும் போகத் தேவையில்லை. காரைக் கழுவிப்போட்டு, ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் கிளீனரை விட்டு, கண்ணில் படாத ஒரு மூலையில் தேயுங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் அது பழைய முறைப் பெயின்ற், மேலே தனிப் பூச்சு இல்லை. நிறம் ஏறாமல் வெறும் ஊத்தை மட்டும் வந்தால், நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற கண்ணாடி மாதிரிப் பூச்சு இருக்கிறது. இப்போதைய கார்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. எங்கட ஒஸ்ரினின் கதவடியில் நான் தேய்த்த பழைய பெனியன் துணி ஒரு நிமிசத்தில் வெளிர் நீலமாகிவிட்டது. அதைக் கொண்டுபோய் அப்பாவுக்குக் காட்டினேன். "ஐயோ, பெயின்ற் கழண்டு வருது, விடு விடு" என்று பதறினார். கழண்டு வந்தது செத்த தூள்தான் என்று விளங்கப்படுத்த ஒரு தேத்தண்ணி நேரம் பிடித்தது.

சரி, கிளீனர் என்றால் என்ன? இங்கேதான் கனபேர் பிழைவிடுகிறார்கள். கடையில் ஒரே தட்டில் நாலு சாமான் இருக்கும். ஷம்பூ ஊத்தையை மட்டும் கழுவும். வக்ஸ் மேலே ஒரு பாதுகாப்புப் படையைப் போடும். கட்டிங் கொம்பவுண்ட் என்பது கரடான உராய்வுத் துணிக்கைகளால் பெயின்றையே வெட்டி எடுக்கும். பெயின்ற் கிளீனர் இவற்றுக்கு நடுவில் நிற்பது. மிக நுண்ணிய உராய்வுத் துணிக்கையோடு, பழைய வக்ஸையும் எண்ணெய்ப் பிசுக்கையும் கரைக்கிற திரவமும் கலந்திருக்கும். செத்த தோலை மட்டும் மெதுவாக எடுக்கும்.

மென்மை ஏன் இவ்வளவு முக்கியம்? ஏனென்றால் மினுக்குவது என்பதே பெயின்றைக் குறைப்பது. கொம்பனியில் அடித்த இன்றைய காரொன்றில் பெயின்றின் முழுத் தடிப்பே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்றோன். ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதில் கிளியர் கோட் வெறும் 40, 50 மைக்றோன். விளிம்புகளில் அதைவிட மெல்லிசு. எடுத்ததைத் திரும்ப வைக்க ஏலாது. அதனால் மென்மையானதில் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் ஒரு படி ஏறவேணும். நாங்கள் செய்வது தலைகீழ். முதல் நாளே கொம்பவுண்டும் பஃப் மெசினும்.

எங்கட மாமா ஒருவர் தன்ர காரை அப்படித்தான் கொடுத்தார். கராஜில் மெசினைப் போட்டு ஒரு மணித்தியாலத்தில் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வெயிலில் விட்டுப் பார்த்தால் பொனற்றின் விளிம்பிலும் கதவுக் கோட்டிலும் சாம்பல் நிறத்தில் பிறைமர் தெரிந்தது. பெயின்ற் இருந்த இடத்தில் பெயின்ற் இல்லை. பிறகென்ன, முழுக்காருக்கும் பெயின்ற் அடிக்கவேண்டியதாய்ப் போய்விட்டது. துடைத்தால் போதுமான காருக்கு அவர் இரண்டு தரம் காசு கொடுத்தார்.

வீட்டு வைத்தியங்களும் இருக்கின்றன. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளிச்சென்று இருக்கும். அது பெயின்றின் மினுக்கம் இல்லை, எண்ணெயின் மினுக்கம். நாலு நாளில் செம்மண் புழுதியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடி றப்பரும் ஊதிக் கெட்டுப்போகும். பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் இருக்கிற கொஞ்ச வக்ஸையும் உரித்துவிடும். எங்கட கிணத்துத் தண்ணியையும் சொல்லவேணும். யாழ்ப்பாணம் நிற்பது சுண்ணாம்புக் கல்லின் மேல். கழுவிவிட்டு வெயிலில் காய விட்டால் ஒவ்வொரு துளியும் வெள்ளைப் பொட்டாகக் காயும். கழுவின கையோடு துடைத்துவிடுங்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். காலமை இரண்டு வாளி வைத்துக் கழுவினேன். ஒன்றில் ஷம்பூத் தண்ணி, மற்றதில் துணியை அலசுகிற தண்ணி. புழுதி திரும்பக் காரில் ஏறக்கூடாது என்பதற்காகத்தான் இரண்டு. துடைத்துக் காயவைத்து, பின்னேரம் மாமர நிழலில், தகரத்தைத் தொட்டுப் பார்த்துச் சூடு ஆறின பிறகு தொடங்கினேன். சூட்டில் கிளீனர் உடனே காய்ந்து திட்டாகிவிடும். றப்பர், பிளாஸ்ரிக் ஓரங்களுக்குப் பசை நாடா ஒட்டினேன், கிளீனர் பட்டால் அதில் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். கைக்கு உறை போட்டேன். அந்தக் காலத்துப் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும், அதனால்தான் உலர வைத்துச் சுரண்டுவதும் கூடாது. பிறகு ஒரு தரத்துக்கு இரண்டு கை அகல இடம். மெல்லிய அழுத்தம். துணி நிறம் ஏற ஏற வேறு பக்கம் மடிப்பது. சுத்தமான மைக்றோ ஃபைபர் துணியால் துடைத்தெடுப்பது. அவ்வளவுதான். ஒரு கதவுக்கு முக்கால் மணித்தியாலம் போனது. முடிவில் வக்ஸ் கட்டாயம், ஏனென்றால் செத்த தோலை எடுத்த பெயின்ற் வெயிலுக்கு முன்னால் வெறும் உடம்போடு நிற்கிறது. வக்ஸும் நிரந்தரமில்லை, சில மாதத்துக்கு ஒருக்காத் திரும்பப் போடவேணும்.

இரண்டாம் நாள் அப்பாவும் ஒரு துணியோடு வந்து மற்றப் பக்கத்தில் குந்தினார். ஒன்றும் கதைக்கவில்லை. முகம் தெரிகிற அளவுக்கு மட்கார்ட் வந்த பிறகுதான் வாய் திறந்தார். "1982இலை அப்பா அடிப்பிச்ச பெயின்ற் இது. நானும் கூடப் போனனான்."

எனக்கு அதுவரை அது தெரியாது. ஆக இது கொம்பனிப் பெயின்றும் இல்லை, "ஒறிஜினல்" என்று பெருமைப்படவும் ஏலாது. ஆனால் அப்பப்பா நின்று நிறம் பார்த்து அடிப்பித்தது. இரண்டரை இலட்சம் கொடுத்து நாங்கள் சுரண்டச் சொல்ல இருந்தது அதைத்தான்.

எதிர்வாதங்களும் இருக்கின்றன, அவற்றை ஒளிக்கத் தேவையில்லை. துரு பிடித்துத் தகரம் ஊதியிருந்தால் கிளீனரால் ஒரு பலனும் இல்லை, வெட்டி ஒட்டித்தான் ஆகவேணும். கிளியர் கோட் வெயிலில் வெந்த தோல் மாதிரி உரியத் தொடங்கியிருந்தால் அதை எந்தப் போத்தலும் திருப்பித் தராது, அங்கே பெயின்ற் அடிப்பதுதான் சரி. நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறலும் போகாது. "உனக்கு நேரமிருக்கு, வேலைக்குப் போறவன் என்ன செய்யிறது?" என்று ஒரு சிநேகிதன் கேட்டான். சரிதான். ஆனால் ஒரு கதவை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்து பார்க்கலாமே. சரிவராவிட்டால் கராஜ் எங்கேயும் ஓடிப்போகாது.

"கராஜ்காரரும் பிழைக்கவேணுமே" என்றும் சொல்வார்கள். பிழைக்கவேணும். ஆனால் பெயின்ற் அடிக்கிற பொடியளை ஒருக்காப் பாருங்கள். முகத்தில் லேஞ்சியைக் கட்டிக்கொண்டு, காற்றோட்டம் இல்லாத தகரக் கொட்டிலுக்குள் நிற்பார்கள். கடினப்படுத்தி கலந்து அடிக்கிற பெயின்றில் ஐசோசயனேற் இருக்கிறது. சரியான சுவாசக் கவசம் இல்லாமல் அதை இழுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒருக்கா வந்தால் பிறகு அந்தத் தொழிலே செய்ய ஏலாமல் போகலாம். அவர்களுக்கும் எங்கட வயதுதான். தேவையில்லாமல் அடிப்பிக்கிற ஒவ்வொரு பெயின்றுக்கும் அவர்களின் நெஞ்சும் ஒரு விலை கொடுக்கிறது. கையால் துடைத்து மினுக்கிக் கொடுப்பதையும் ஒரு தொழிலாக மதித்து அதற்கும் காசு கொடுக்க நாங்கள் பழகினால், அவர்களும் பிழைக்கலாம்.

கார் இப்போது பளபளக்கிறது. புதுசு மாதிரி இல்லை. எண்ணெய் ஊற்றுகிற வாய்க்குக் கீழே ஒரு கறை அப்படியே நிற்கிறது. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல், கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின காலத்துக் கறை. கூரையில் நாலு நீளக் கீறல். 1995 இடப்பெயர்வில் சாவகச்சேரிப் பக்கம் போனபோது மேலே கட்டின இரும்புப் பெட்டி இழுத்தது. தூசு போனதும் அவை முந்தியை விட வடிவாகத் தெரிகின்றன. அண்ணாவுக்கு வீடியோவில் காட்டினேன். கன நேரம் பார்த்தார். "அந்தக் கீறலுக்கு மேலை பூமாலை வருமே?" என்று கேட்டார்.

"வராது, மாலை முன்னுக்குத்தான்" என்றேன்.

"அப்ப விடு, இருக்கட்டும்" என்றார்.